ஆறங்குலக் குழாயில் போன வாளை

எங்கள் எதிர்வீட்டுச் சேதுராமன் மாமாவைக் கட்டுக்கலைப் பகுதியில் பாதிப் பேர் மீன்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் மீன் விற்றவர் அல்ல. கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் குழாய்ப் பகுதியில் நிற்பவர். வேறொரு புடவைக்கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறை வாடகை வீட்டில் ஒரு பெரிய வாளை மீனைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்த்தார். அதனால் வந்த பெயர் அது. அந்த மீனின் கதையை யார் எடுத்தாலும் சிரிப்பில்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மாமா சொன்னது, ஓட்டோ ஓட்டும் ஷிராஸ் சொன்னது, நானே ஜன்னலிலிருந்து பார்த்தது எல்லாவற்றையும் சேர்த்து நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மீன் வந்ததே ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதால்தான்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிங்களவர் பொலித்தீன் பைகளில் வளர்ப்பு மீன் விற்பார். மாமாவிடம் அப்போது இரண்டு தங்கமீனும் நாலைந்து குட்டி மீனும் இருந்தன. தொட்டியின் அடியில் கிடக்கும் மிச்சத் தீனியைத் தின்ன அங்குட்டா ஒன்று வேண்டும் என்று போனார். அங்குட்டா என்பது மீசை வைத்த சின்ன மீன். உள்ளங்கை அளவுக்கு மேல் வளராது. அந்த மனிதர் விரல் நீளத்தில் மீசையோடு இருந்த ஒன்றைப் பையில் பிடித்தார். நேர்மையான ஆள். வாங்குகிறவருக்குத் தெரியட்டும் என்று, "மாத்தயா, வலயா" என்றார்.

வாளைக்குச் சிங்களத்தில் வலயா என்று பெயர். மாமாவுக்கு அது தெரியாது. வலை வேண்டுமா என்று தமிழில் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"வலையா? வீட்டுல இருக்கு."

"வீட்டுல இருக்கா?" கொஞ்சம் தமிழ் தெரிந்த அந்த மனிதருக்கு ஆச்சரியம். "பெருசா?"

"பெருசு இல்ல. சின்னதுதான். கம்பிப் புடி வச்சது."

கம்பிப் பிடி வைத்த வாளையை அந்த மனிதர் எப்படிக் கற்பனை செய்தாரோ தெரியாது. சந்தோஷமாகப் பையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த சில மாதங்களில் தொட்டியில் இருந்த மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மாமா காக்கையைச் சந்தேகப்பட்டார். அவருடைய மனைவி பாலாம்பிகை அத்தைக்கு அதைக் கேட்டு எரிச்சல்.

"காக்கா ஜன்னலத் தொறந்து, மூடியத் தூக்கி, மீன எடுத்துக்கிட்டு, மறுபடி மூடியும் வச்சிட்டுப் போச்சாக்கும்? நல்ல பழக்கமுள்ள காக்கா!"

கடைசித் தங்கமீனும் காணாமல் போன அந்த வாரம், காஸ் சிலிண்டர் கொண்டுவந்து கொடுக்க ஷிராஸ் மாடிக்கு வந்தான். தொட்டியைப் பார்த்தவன் சிலிண்டரை இறக்கி வைக்கவும் மறந்துவிட்டான்.

"அண்ணே, இது வலயாவெல்லா!"

"வலை அந்தா, ஆணியில தொங்குது. எதுக்குடா?"

"அல்லாவே, வலையில்ல அண்ணே. வலயா! வாளை! மகாவலில ஆள் நீளத்துக்கு ஈக்கிற சாமான். வாயப் பாருங்க, வாயை!"

மாமா குனிந்து பார்த்தார். மீன் வாயைத் திறந்தது. அது கண்ணுக்கும் பின்னால்வரை பிளந்த வாய். தங்கமீன்கள் எங்கே போயின என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள். மாமா கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் மீன் மட்டும் அல்ல. அவர் பிறந்ததிலிருந்து இருந்ததெல்லாம் அடுத்தவர் கட்டடத்தில்தான். சின்ன வயதில் ஒரு நாய் வளர்த்தார், வீட்டுக்காரர் வேண்டாமென்றார். கல்யாணமான புதிதில் அத்தை இரண்டு கோழி வைத்திருந்தார், அந்த வீட்டுக்காரரும் வேண்டாமென்றார். ஒவ்வொரு தடவையும் மாமா, "சரிங்க" என்று சொல்லிக் கொண்டுபோய் யாருக்காவது கொடுத்துவிட்டு வருவார். வாங்கியவர்கள் வளர்த்தார்களா, கறி வைத்தார்களா என்று கேட்கவும் மாட்டார். இந்த மீன் விஷயத்தில் மட்டும் முதல்முறையாக அவருக்குப் பிடிவாதம் வந்தது. "இதையாவது கடைசி வரைக்கும் உசிரோட வச்சிருக்கணும்" என்று என் அப்பாவிடம் சொன்னார். இதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

வாளைக்குப் பகலில் வெளிச்சம் பிடிக்காது. ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். மாமா கடையில் மிச்சமாகக் கிடந்த இரண்டங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைத் தொட்டியில் போட்டார். மீன் அதற்குள் போய் மீசையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்தது. குழாய் இறுகியதும் நாலங்குலம் போட்டார். அதுவும் இறுகியது. தெருவில் யாராவது, "மீன் எப்படி சேது?" என்று கேட்டால் அவர் நீளத்தையோ நிறையையோ சொல்ல மாட்டார். "நாலிஞ்சி தாண்டிருச்சி" என்பார். கேட்டவர் முழிப்பார்.

சாப்பாடுதான் பெரிய தொல்லை. கோழிக்கடைக் குடல், சாளை மீன் துண்டு என்று அது மாமிசம் மட்டுமே தின்னும். அத்தைக்கு வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் கவிச்சு வரக் கூடாது. தொட்டி இருந்ததோ சாமிப் படத்துக்கு நேர் எதிரில். வெள்ளிக்கிழமை காலையில் அத்தை தொட்டிக்கு ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிவிட்டுத்தான் விளக்கேற்றுவார். பௌர்ணமிப் போயா தினத்தில் இறைச்சிக்கடை, மீன்கடை எல்லாம் பூட்டு. போயா வியாழக்கிழமை வந்தால் மீனுக்குத் தொடர்ந்து இரண்டு நாள் பட்டினி.

"உங்கட மீன் வெள்ளிக்கெழமையும் புடிக்குது, போயாவும் புடிக்குது" என்பான் ஷிராஸ். "நோன்புக்கும் சேத்துக்கொள்ளுங்கோ, சொர்க்கம் நிச்சயம்."

மாமாவும் சிரிப்பார். அந்தக் காலம் வரைக்கும் சிரிக்கக்கூடியதாக இருந்தது.

பிறகு மின்வெட்டு தொடங்கியது. அந்த வருஷம் நாட்டில் எது இருந்தது? காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. நான் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலம் அது. எதிர் ஜன்னலில் மாமாவும் அத்தையும் மாறி மாறிச் செம்பால் தண்ணீர் மொண்டு, கையை உயர்த்தி, தொட்டிக்குள்ளேயே திரும்ப ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் நின்றால் காற்று விடும் மோட்டார் நின்றுவிடும். காற்று இல்லாவிட்டால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஊற்ற ஊற்றக் கொஞ்சம் தெளியும். மாமா பகல் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து ஓடி வருவார். சோற்றில் கை வைக்க முன்னமே செம்பை எடுப்பார்.

"புள்ளைக்கிக் கூட இப்பிடிச் செஞ்சதில்ல" என்று அத்தை சத்தம் போடுவார். கட்டாரில் வேலை செய்யும் மகனைச் சொல்கிறார். சத்தம் போட்டபடியே அடுத்த செம்பை மொள்வார்.

இதற்குள் மீன் இரண்டரை அடி வளர்ந்துவிட்டது. தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஒரு முனைக்குப் போனால் திரும்ப இடமில்லாமல் உடம்பை மடித்துத் திரும்பும். திரும்பும்போதெல்லாம் கண்ணாடியில் இடித்து மூக்கில் ஒரு வெள்ளைத் தழும்பு. பெரிய தொட்டி கட்டலாமென்று மாமா வீட்டுக்காரரைக் கேட்கப் போனார். வீட்டுக்காரர் ஜவாஹிர் ஹாஜியார் கீழே புடவைக்கடை வைத்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. மாமாவைக் கதிரையில் உட்கார வைத்துப் பிளேன்டீ கொடுத்தார்.

"சேது, மேல நீங்க மீன் வளக்கிறீங்களா, கப்பல் கட்டுறீங்களா?"

"கொஞ்சம் பெருசா ஒரு தொட்டிங்க, ஹாஜியார். கரண்டு இல்லாட்டியும் தண்ணி நெறைய இருந்தா தாங்கும்."

"தண்ணிக்கு நெற இல்லயா? பலகத் தட்டு அது. வாப்பாட காலத்துல போட்டது. இப்பவே சீலிங்ல தண்ணி ஊறி ஈக்கிது, வந்து பாருங்க. கீழ சாரிக் கட்டு அடுக்கி வெச்சீக்கிது. உங்கட வாளை என்ட சாரிக்கி மேல வந்து விழுந்தா நான் அத யாருக்கு உடுத்துற?"

மாமா ஈரம் படர்ந்த சீலிங்கைப் பார்த்தார். ஹாஜியார் சொன்னது பொய் இல்லை.

"பெருசு வாணாம் சேது. இருக்கிறதையும் எடுத்திருங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி எடுத்தாப் போதும்."

மாமா, "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். இந்தத் தடவை "சரிங்க" என்றதற்கு அர்த்தம் வேறு. மீனுக்கு ஒரு பெரிய தண்ணீரைத் தேடத் தொடங்கினார்.

எல்லாரும் சொன்னது மகாவலி ஆற்றில் விடு என்பதுதான். அவர் கெட்டம்பைக்குப் போய்ப் பார்த்தார். ஆற்றங்கரை நெடுகத் தூண்டில். வேலையில்லாத காலம், கறிக்கு வழியில்லாத காலம். அவருடைய வாளையோ மனிதக் கையைக் கண்டால் குழாயை விட்டு வெளியே வந்து வாயைத் திறக்கும். யார் கை என்று பார்க்காது. "ஆத்துல விடுறதும் ஒண்ணு, அவங்க வீட்டுச் சட்டியில விடுறதும் ஒண்ணு" என்று திரும்பிவிட்டார்.

கண்டி வாவியில் மீன் பிடிக்கக் கூடாது, அங்கே யாரும் தொட மாட்டார்கள் என்று அடுத்து யோசித்தார். நல்ல மனிதர் பாருங்கள், திருட்டுத்தனமாக விடத் தெரியவில்லை. காவலாளியிடம் போய் அனுமதி கேட்டார். காவலாளி சிங்களத்தில் சொன்னது இது: "மீன் பிடிக்க வர்றவங்களைத் துரத்தத்தான் எனக்குச் சம்பளம். போட வந்தவரை இப்பத்தான் பார்க்கிறேன். ரெண்டும் முடியாது மாத்தயா. ஆளாளுக்கு வீட்டில வளர்த்ததைக் கொண்டுவந்து விட்டா, உள்ள இருக்கிற மீன் எங்க போறது?" அதுவும் நியாயம்தான். மாமா போன இடமெல்லாம் நியாயமான ஆட்களாகவே இருந்தார்கள். யாரையும் ஏசக்கூட முடியவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

பேராதனைக்கு அப்பால் ஒரு கோயிலில் குளம் இருந்தது. தர்மகர்த்தா இரண்டரை அடி மீன் என்றதும் முகம் மலர்ந்தார். "தாராளமா விடுங்க. ஜனம் பாக்க வரும்" என்றவர் கடைசியில், "பொரி திங்குந்தானே?" என்று கேட்டார். கோயில் குளத்தில் குடலும் மீன் துண்டும் போட முடியுமா? மாமா ஒரு வாரம் தவணை வாங்கி வந்து, வாளைக்குப் பொரி தின்னப் பழக்கினார். மீன் அவர் கைக்கு நம்பி வரும், பொரியை வாய்க்குள் இழுக்கும், பிறகு அப்படியே ஊதித் தள்ளும். பொரி நனைந்து உப்பித் தொட்டி முழுவதும் மிதந்தது. மோட்டார் வாயில் அடைத்துக்கொண்டது. அத்தை அதை ஒரு வடிதட்டால் அள்ளி எறிந்தார்.

"சாமி மீனாக்கப் பாக்குறீங்க. அது ஆசாமி மீனு. விடுங்க."

கடைசியில் வழி ஹந்தானை மலையிலிருந்து வந்தது. மாமாவின் சித்தி மகள் வீரம்மா அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய கணவர் கணபதி ஏதோ வேலையாக டவுனுக்கு வந்தபோது தொட்டியைப் பார்த்தார்.

"மச்சான், எங்க லயத்து வீட்டு வரிசைக்கு மேல ஒரு பழைய சிமெந்துத் தொட்டி கெடக்கு. யாரும் பாவிக்கிறதில்ல. பீலித் தண்ணி விழுந்துகிட்டே இருக்கும். மோட்டாரும் வேணாம், கரண்டும் வேணாம். நீச்சலே அடிக்கலாம்."

மலையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் இரவும் பகலும் கொட்டும் ஒரு தொட்டி. மாமாவுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது என்று அத்தை சொன்னார்.

இடம் கிடைத்தது. கொண்டுபோக வண்டி இல்லை. ஷிராஸின் ஓட்டோ பெற்றோல் செட் வரிசையில் நின்றது. அவன் வரிசையிலேயே தூங்கி, வரிசையிலேயே பல் விளக்கினான். அவன் முறை வந்தபோது பெற்றோல் முடிந்துவிட்டது. மாமா ஒரு பிளாஸ்டிக் பீப்பாயோடு பஸ் நிலையத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். கண்டக்டர் பீப்பாயையும் மாமாவையும் பார்த்துவிட்டு, மனுசர் ஏறவே இடமில்லை என்று விசிலடித்துவிட்டார். அந்த வாரம் ஒரு நாள் கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லை. மாமா செம்பை வைத்துவிட்டு மீன் படுத்திருந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அது ஆறங்குலக் குழாய்.

குழாய் அவருடைய தொழில். மறுநாள் கடையிலிருந்து ஆறங்குலத்தில் மூன்றரை அடித் துண்டு ஒன்றை வெட்டினார். ஒரு முனையில் மூடியைப் பசை போட்டு ஒட்டினார். மேற்பக்கம் வரிசையாகத் துளை போட்டார், காற்றுக்கு. தொட்டியிலிருந்த பழைய குழாயை எடுத்துவிட்டு இதை வைத்தார். அடுத்த நாளே மீன் அதைத் தன் வீடாக எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், அது உள்ளே படுத்திருக்கும்போதே திறந்த முனையை மற்ற மூடியால் அடைத்து, குழாயைத் தண்ணீரோடு தூக்கினார். வாளை துள்ளவே இல்லை. அதற்கு வீடு மாறுவதே தெரியாது.

ஷிராஸ் முன்னால், மாமா பின்னால். ஒரு மூங்கிலில் குழாயைக் கட்டித் தோளில் வைத்து ஹந்தானைக்கு நடந்தார்கள். இரண்டு பேர் தோளில் நீளமாக ஏதோ போகிறது என்றால் சும்மா விடுமா ரோடு? ஒரு வயசாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஒரு வீட்டுக்காரி ஓடி வந்து, "எங்க வீட்டுக் கொழாயும் உடைஞ்சி கெடக்கு, வரும்போது பாத்துட்டுப் போங்க" என்றாள்.

"இதுல தண்ணி வராது தங்கச்சி, மீன்தான் வரும்" என்றான் ஷிராஸ்.

"போடா பைத்தியக்காரா."

ஏற்றத்தில் ஒவ்வொரு பீலியைக் கண்டதும் நின்றார்கள். துளை வழியாகப் பழைய தண்ணீரைச் சாய்த்து, புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். மலைத் தண்ணீர் குளிர், ஒரேயடியாக விட்டால் மீன் விறைத்துவிடும் என்று மாமாவுக்குப் பயம். ஷிராஸின் தோள் தோலுரிந்துவிட்டது. "பொண்டாட்டியக்கூட இப்பிடித் தூக்கல்ல அண்ணே" என்று வழி முழுவதும் புலம்பினான். ஆனால் இறக்கி வைக்கும்போதெல்லாம் முதலில் துளைக்குக் கண்ணை வைத்து உள்ளே பார்த்தது அவன்தான்.

லயத்தில் கூட்டம் கூடிவிட்டது. மாமா தொட்டிக்குள் இறங்கி, குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தி, மூடியைத் திறந்தார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வாளை வந்தது. ஒரு முனைக்குப் போனது. மடியாமல், இடிக்காமல், அகலமாக வட்டம் போட்டுத் திரும்பியது. அதை அவர் மூன்று வருஷத்தில் முதல்முறையாகப் பார்க்கிறார்.

"லயத்துக்கே கொழம்பு வைக்கலாம் போல இருக்கே" என்றது கூட்டத்தில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. கையோடு கொண்டுவந்த கோழிக்குடல் பொட்டலத்தை வீரம்மாவிடம் நீட்டினார்.

"தங்கச்சி, ரெண்டு நாளைக்கி ஒருக்கா கொஞ்சம் போட்டா போதும். முடிஞ்சா நடுவுல ஒரு சாளை மீன்..."

வீரம்மா பொட்டலத்தை வாங்கவில்லை.

"அண்ணே, நாங்க கருவாட்டு வாசம் புடிச்சே ரெண்டு மாசம். மாவு வாங்க வழியில்லாம புள்ளைங்களுக்குப் பெலாக்கொட்டை அவிச்சிப் போடுறோம். இதுக்கு நாங்க மீனு வாங்கிப் போடணுமா?"

மாமா நீட்டிய பொட்டலத்தைத் தாழ்த்தினார். அவர் கஷ்டம் தெரியாதவர் அல்ல. கடையில் அவருக்கும் வாரத்தில் நாலு நாள்தான் வேலை. ஆனாலும் இத்தனை நாள் மீனுக்குக் காற்று இருக்கிறதா, இடம் இருக்கிறதா என்று மட்டும் தேடினாரே தவிர, யாரிடம் கொண்டுபோய் விடுகிறோம் என்று நினைத்துப் பார்க்கவில்லை. ஈரச் சாரத்தோடு தொட்டிக்குள்ளேயே நின்றார். கணபதி தலையைச் சொறிந்தார்.

வீரம்மாவே மறுபடி பேசினார். "நிக்காதீங்க, சளி புடிச்சிரும். இருக்கட்டும். தொட்டியில தவளை கெடக்கு, தலப்பெரட்டை கெடக்கு. தானா தேடித் தின்னா திங்கட்டும். நாங்க வெட்ட மாட்டோம். ஆனா வாங்கியும் போட மாட்டோம்."

"வாங்க வேணாம் தங்கச்சி. நானே ஞாயித்துக்கெழமைக்கி ஞாயித்துக்கெழமை கொண்டாறேன்."

கொண்டும் போனார். ஒவ்வொரு ஞாயிறும் நடந்து மலையேறி, மீனுக்குக் குடலும், வீரம்மா வீட்டுக்குக் கொஞ்சம் நெத்தலிக் கருவாடும். "எனக்கு லஞ்சமா அண்ணே?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார் வீரம்மா. கருவாட்டுக்கு வீட்டில் எதைக் குறைத்தார்கள் என்று அத்தை சொல்லவில்லை. மாமா சீனி போடாமல் பிளேன்டீ குடிக்கப் பழகியதை மட்டும் நான் பார்த்தேன்.

பிறகு அந்த மழை. பகலும் இரவும் விடாமல் பெய்தது. ஓய்ந்த அன்று காலையில் கணபதி போன் பண்ணினார்.

"மச்சான், கோவிக்காதீங்க. மேல இருந்து வெள்ளம் வந்து தொட்டி ரொம்பி வழிஞ்சிருச்சி. மீனக் காணல்ல."

மாமா கடைக்குப் போகவில்லை. மலைக்குப் போனார். தொட்டி செம்மண் நிறத்தில் நிரம்பி, விளிம்பெல்லாம் சருகு ஒட்டியிருந்தது. ஒரு கம்பால் மூலை மூலையாகத் துழாவினார். குழாய் மட்டும் தட்டுப்பட்டது. லயத்துக்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. அவருக்கு என்ன நினைப்பு வந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்கவும் முடியாமல், கேட்காமல் போகவும் முடியாமல் அவர் வீரம்மாவின் வாசலில் வந்து நின்றார்.

"கேக்க நெனைக்கிறதக் கேளுங்கண்ணே."

"ஒண்ணுமில்ல தங்கச்சி."

"ஒண்ணுமில்லன்னா ஏன் எங்க அடுப்பப் பாக்குறீங்க?" வீரம்மாவுக்குக் குரல் ஏறிவிட்டது. "தின்னிருந்தா தின்னோம்னு சொல்லுவோம். எங்களுக்கு என்னா பயம்? பசிக்கித் தின்னோம்னு மொகத்துக்கு நேர சொல்லிட்டு, ஒங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வச்சிருப்போம். திங்கல்ல. வெள்ளத்துல போச்சி."

மாமா அதை நம்பினார். நான் கேட்டபோது, "அப்பிடிப் பேசுற ஆளு பொய் சொல்லாது" என்றார். நம்பியதால் அவருக்கு நிம்மதி வரவில்லை. தின்றார்கள் என்றாலாவது அது அன்றோடு முடிந்திருக்கும்.

தொட்டி வழிந்த தண்ணீர் லயத்துக்குக் கீழே ஓர் ஓடையில் சேர்கிறது. மாமா அந்த ஓடை வழியாக இறங்கினார். தேயிலைக்குள் நுழைந்து, மதகுகளுக்குள் குனிந்து, கல்லிடுக்குகளில் கம்பு விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். தேங்கிய ஒவ்வொரு இடத்திலும் கையைத் தண்ணீருக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கையைக் கண்டால் வரும் மீன் அல்லவா. எதுவும் வரவில்லை. காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்தது. இறங்க இறங்க வீடுகள் நெருங்கின, ஓடையில் பொலித்தீன் சேர்ந்தது, சவர்க்கார நுரை சேர்ந்தது. கடைசியில் அது ரோட்டுக்கு அடியில் புகுந்து டவுன் சாக்கடைக் கானில் விழுந்தது. கறுத்த தண்ணீர். மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாத இடம்.

அவர் கான் விளிம்பில் குந்தி, கையை அதற்குள்ளும் விட்டார்.

பக்கத்தில் வெற்றிலை விற்கிற ஒருவர் எழுந்து வந்தார். "என்னங்க, எதையும் தொலைச்சிட்டீங்களா?"

"மீனு."

"மீனா? இதுலயா?" அந்த மனிதர் சிரித்துவிட்டார்.

சேதுராமன் மாமா இருபத்தைந்து வருஷம் கடையில் நின்றவர். எந்தச் சண்டைக்காரனிடமும் குரல் உயர்த்தியதில்லை என்று முதலாளியே சொல்வார். அன்று ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஏன்? இதுல இருக்கக் கூடாதா? இது ஆத்துக்குத்தானே போகுது? ஆத்துலதானே அது பொறந்துச்சி? இருந்தா என்னா?"

வெற்றிலைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். அவரை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரும் குனிந்து கானுக்குள் பார்க்கத் தொடங்கினார்.

"எம்மாம் பெருசுங்க?" என்று கேட்டார்.